டியூப் பூக்கள்

பங்குனி உத்திரத்துக்கு வீட்டை அலங்கரிக்க வேண்டுமாம். செல்போனைப் பார்த்துப் பார்த்து என் மகள் ஸ்ட்ராவை நறுக்கிப் பூ செய்து, கண்ணாடி ஜாடியில் செருகுகிறாள். பிளாஸ்டிக்கை நறுக்கிச் செய்த பூ எனக்குப் பழையது.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். துணைக்கு இருந்த அம்மா, குளுக்கோஸ் ஏற்றி முடித்த டியூப்பைக் கழுவி, நறுக்கி, சிவப்பு மையில் தோய்த்துப் பூவாக்குவாள். ஒரு பாட்டில் இறங்கினால் ஒரு பூ. சாயங்காலம் அப்பா அதை வேங்கிக்காலில் இருந்த எங்கள் வீட்டுக்கு சைக்கிளில் கொண்டுவருவார். மருந்து நெடி போகாத அந்தப் பூவை நான்தான் ஒரு கண்ணாடி ஜாடியில் வைப்பேன்.

“ஜாடி நெறஞ்சதும் அக்கா வந்துடுவா” என்று அப்பா சொல்லியிருந்தார்.

ஒருநாள் ஒரே ஒரு பூதான் வந்தது. எனக்குக் கோபம்.

“நாளைக்கு ஜாஸ்தியா கொண்டாங்கப்பா. சீக்கிரம் நெறையட்டும்.”

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் நான்கு பூக்கள் வந்தன. அதற்கு மறுநாள் ஆறு. நான் குதித்தேன். ஜாடி நிறைந்த அன்று அம்மா மட்டும் வீட்டுக்கு வந்தாள்.

“இன்னும் நாலு பூ வெச்சா நெறஞ்சிடும்மா” என்கிறாள் மகள்.

அவள் கையிலிருந்து கத்தரியை வாங்கிக்கொண்டேன்.

“போதும்டி. கொறையாவே இருக்கட்டும்.”