ஒண்டொண்டாய்க் கண்சிமிட்டுங்கோ

வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தடித்த கம்பளிக் காலுறையோடு உள்ளே நுழைகிறார் பேர்ணடெற். மூலக்கூறையும் படமெடுக்கும் நுணுக்குக்காட்டி இருக்கும் அறைக்குள், படம் அதிராமலிருக்க, யாரும் குதியை ஊன்றி நடக்கக்கூடாது. கதிரையை இழுக்கக்கூடாது. தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். கட்டடத்துக்குக் கீழே நிலத்தடி ரயில் உறுமினால், அது கடந்துபோகும்வரை தன் மூச்சையும் பிடித்துக்கொள்வார். மூச்சுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பிடிப்பார்.

எலியின் சிறுநீரக உயிரணுக் கலங்களை உள்ளும் புறமுமாகப் படமெடுக்கத்தான் தினமும் பிக்கரிங்கிலிருந்து ரயிலேறி ரொறன்ரோவுக்கு வருகிறார். கலத்துக்குள் சாயமேறிய மூலக்கூறுகள் எல்லாம் ஒன்றாக மின்னினால் வெறும் வெளிச்சக் கூழ். ஒவ்வொன்றாக மின்னினால்தான் ஒவ்வொன்றின் இடத்தையும் குறிக்கலாம். ஆகவே, மாதா கோயில் மண்டபத்தில் சாப்பாடு பரிமாறும் அதே குரலில் திரையை அதட்டுவார்: "இடிபடாதேங்கோ பிள்ளையள். ஒண்டொண்டாய்க் கண்சிமிட்டுங்கோ. எல்லாருக்கும் இடமிருக்கு."

ஆழத்தை அறிவதற்கு ஒரு வளைந்த லென்ஸ். மேலே இருக்கும் புள்ளி அதில் நெட்டையாக நீளும். கீழே இருப்பது குறுக்காகப் படுக்கும். அப்படி இலட்சக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்தபோதுதான், கலத்தின் நுண்மயிருக்கு அடியில், எல்லோரும் கட்டி என்று நம்பியிருந்த புரதத்துக்குள் ஓர் ஓட்டை தெரிந்தது. கட்டியல்ல, குழாய்!

"உது குழாயில்லை. உம்மட லென்ஸ் விடுற புலுடா," என்றார் ஆய்வுக்குழுத் தலைவர் வின்சன்ற். "லென்ஸைத் திருப்பி வைச்சு எடும். ஓட்டை குழம்பினால் கட்டுரையிலை அந்தப் படம் இல்லை."

"குழம்பாது அண்ணை."

"பந்தயமோ?"

"ரெண்டு வருச உழைப்பைப் பந்தயம் வைச்சுத்தானே நிக்கிறன்."

லென்ஸைத் தொண்ணூறு பாகை திருப்பினார். படம் புள்ளி புள்ளியாக நிரம்பியது. மேல்நோக்கி நிற்கவேண்டிய நுண்மயிர் தலைகீழாகத் தொங்கியது.

வின்சன்ற் வாய்விட்டுச் சிரித்தார். "வடிவான வௌவால்!"

பேர்ணடெற்றின் கை நெற்றிக்குப் போனது. லென்ஸைத் திருப்பியவர், எந்தப் புள்ளி மேலே எது கீழே என்று கணினிக்குச் சொல்லும் பழைய அளவீட்டை மாற்ற மறந்திருந்தார். நெட்டையும் படுக்கையும் இடம்மாற, மேலும் கீழும் இடம்மாறிவிட்டன. வெட்கப்பட அவருக்கு நேரமிருக்கவில்லை. மூக்கு திரையில் முட்டக் குனிந்தவர், அந்த அறையில் யாரும் கேட்டிராத சத்தத்தில் கத்தினார்:

"வௌவாலெண்டாலும் வடிவாப் பாருங்கோ அண்ணை! தலைகீழாய்த் தொங்கியும் ஓட்டை ஓட்டையாத்தான் கிடக்கு!"

ஆழம் முன்பே தெரிந்த, மின்னும் நுண்மணிகளை வைத்துப் புதிய அளவீடு எடுத்தார். நுண்மயிர் நிமிர்ந்தது. அதன் அடியில், சுற்றிவர ஒளிப்புள்ளிகள். நடுவில் சுத்தமான இருட்டு. வின்சன்ற் படத்தைச் சுழற்றினார், சரித்தார், குறுக்கே வெட்டிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் குழாய்.

"சரி. படம் கட்டுரையிலை நிக்கட்டும்."

பேர்ணடெற் வலக்கை விரல்களைச் சுருட்டி ஒற்றைக் கண்ணில் வைத்து, அந்த ஓட்டை வழியே வின்சன்றைப் பார்த்தார்.