தெலுங்கை எடுத்துவிடு என்று வேண்டினேன்

பெருமாளை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் உத்தனப்பள்ளியிலிருந்து ஒரு குடும்பப் பெண் எழுதுகிறேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்ததற்கு அடுத்த மாசியில் என் வீட்டுக்காரர் புளியமரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு முறிந்தது. இனி ஏர் பிடிக்க முடியாது என்று ஓசூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு வயது மூத்த மகனின் படிப்பை நிறுத்தி, அவனைப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பலாம் என்று கொழுந்தனார் பேச்செடுத்தார். அன்று நான் சாப்பிடவில்லை.

நான் கல்யாணத்துக்கு முன் தெலுங்குப் பள்ளியில் எட்டாவது முடித்தவள். ஆசிரியைப் பயிற்சிக்குப் பெண்களை எடுக்கிறார்கள், படிக்கும்போதே உதவித்தொகையும் உண்டு என்று கேள்விப்பட்டேன். ஆனால் தேர்வு தமிழில். முப்பது வயதைத் தாண்டிய நான் மகளின் தமிழ்ப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

"நம்ம வீட்ல எருமைகூட தெலுங்குலதான் கத்துது. நீ தமிழ்ப் பரீட்சை எழுதப் போறியா?" என்று மாமியார் சிரித்தார். பிறகு, "அடுப்ப நான் பாத்துக்கறேன், படி" என்றார்.

கிருஷ்ணகிரிப் பயிற்சிப் பள்ளியில் நடந்த தேர்வில், சொல்வதை எழுதச் சொன்னார்கள். வீட்டில் பேசுகிற தெலுங்குப் பழக்கத்தில் மரம், பழம் எல்லாவற்றையும் மரமு, பழமு என்றே எழுதிவிட்டேன்.

"ஏம்மா, எல்லா வார்த்தைக்கும் வால் வெச்சிருக்கீங்க?" என்றார் தலைமையாசிரியை. "வால அறுத்துட்டு அடுத்த வருஷம் வாங்க. அதுதான் கடைசி. அதுக்கு மேல உங்க வயசுக்கு எடுக்க மாட்டாங்க."

சனிக்கிழமைதோறும் விரதம் இருந்தேன். "அப்பனே, தேர்வு முடியும்வரைக்குமாவது என் நாக்கிலிருந்து தெலுங்கை எடுத்துவிடு" என்று பெருமாளிடம் அழுதேன். வீட்டிலும் தமிழே பேசினேன். "யாரோ விருந்தாளி வந்திருக்காங்க போல" என்று மாமியார் கேலி செய்தார்.

மறு வருஷம் போனேன். பயத்தில் கதவு என்பதைக்கூட 'கதவ்' என்று எழுதிவிட்டேன்.

"இப்ப இருக்க வேண்டிய வாலையும் காணோமே" என்றார் தலைமையாசிரியை. "சரி, வாயால ஒண்ணு கேக்கறேன். அதையாவது சரியாச் சொல்லுங்க."

ஒரு செய்யுளைப் படித்தார். அதில் 'செப்பினான்' என்று வந்தது. அதற்குப் பொருள் கேட்டார். எனக்கு முன்னால் வந்த பெண் செப்புப் பாத்திரம் என்று சொல்லிவிட்டு நின்றிருந்தாள். என் மகளின் புத்தகத்தில் அந்தச் சொல் இல்லை. கண்ணை மூடி, "பெருமாளே" என்றேன். பேரப்பிள்ளைகளைப் பிடித்து வைத்து, "செப்பு, நிஜம் செப்பு" என்று மாமியார் தெலுங்கில் அதட்டுகிற குரல்தான் காதில் விழுந்தது.

"சொன்னான்னு அர்த்தங்கம்மா" என்றேன்.

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"எங்க வீட்ல தெனமும் செப்பிக்கிட்டேதாங்க இருக்கோம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். என்னைச் சேர்த்துக்கொண்டார்.

இன்று பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு நான்தான் டீச்சர். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள். மூத்தவன் வேலைக்குப் போகவில்லை, உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். வீட்டுக்காரர் காலையில் என்னை வழியனுப்பிவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார்.

எதை எடுத்துவிடு என்று அழுதேனோ, அதை என்னிடமே விட்டுவைத்து, அதைக் கொண்டே எங்களுக்குச் சோறு போட்டார் பெருமாள். நீங்களும் உங்கள் கஷ்டத்தை அவரிடம் சொல்லுங்கள். அதை எப்படித் தீர்ப்பது என்று மட்டும் அவருக்குப் பாடம் நடத்தாதீர்கள்.