கேட்டுக்கொண்டிருக்கும் மணிக்கூடு

போர் முடிந்த ஆண்டு, வவுனியாவில் இருந்த முகாம் ஒன்றில், எங்கள் கூடாரத்தின் மறுபாதியில் இருந்த பெண்பிள்ளையை நான் காட்டிக்கொடுத்தேன். யாரும் என்னை அடிக்கவில்லை. கேட்டார்கள், சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னுக்கு வைத்தால் எழுதாமலே முடித்துவிடுவேன்.

இங்கே ஸ்காபரோவில் மனிதர்கள் பொருட்களோடு கதைக்கிறார்கள். என் மகள் குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டே நேரம் கேட்பாள். சுவர்த்தட்டில் இருக்கும் சிறிய ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண்குரல் பதில் சொல்லும். அது வந்த நாளிலிருந்து நான் குசினியில் வாய் திறப்பதில்லை. தேநீர் வேண்டுமென்றால் கையால் காட்டுவேன். "ஏனப்பா ஊமை மாதிரி நிக்கிறியள், இஞ்ச ஆர் இருக்கினம் கேக்க?" என்று மகள் சிரிப்பாள். யாரோ இருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அப்படிப்பட்ட நான் அதே மாதிரி ஒன்றை வாங்க மகளோடு கடைக்குப் போனேன். நெடுங்கேணியில் இருக்கும் என் தம்பி முறையானவன் தொலைபேசியில் சொன்ன செய்திதான் காரணம். மகேஸ்வரி அக்காவுக்குச் சீனி வருத்தத்தில், நீரிழிவில், இரண்டு கண்ணும் போய்விட்டதாம். மகள் சுதா ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனால், குளிசை போடும் நேரம் தெரியாமல், படலையில் நின்று போகிறவர் வருகிறவரிடம் மணி கேட்கிறாவாம். அந்தச் சுதாதான் நான் காட்டிக்கொடுத்த பிள்ளை.

பேசும் மணிக்கூடு ஒன்று கொண்டுபோய்க் கொடுப்போம் என்று நினைத்தேன். உதவி என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில், அந்தப் படலையைத் திறக்கும்போது முகத்துக்கு முன்னால் பிடிக்க எனக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

பட்டனை அழுத்தினால் மணி சொல்லும் சாதாரணப் பெட்டிதான் என் மனதில் இருந்தது. அது அந்தக் கடையில் இல்லை. விற்பனைப் பெண் உருண்டையான ஒன்றைக் காட்டினாள். முன்பக்கத்தில் இலக்கங்கள் ஒளிர்ந்தன. "இது எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்குமா?" என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டேன். கிழவனின் மெலிந்த குரல் அதற்கு எட்டுமோ என்று நான் கவலைப்படுவதாக அவள் நினைத்துவிட்டாள். பத்தடி தள்ளிப் போய், குளிர்சாதனப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தாள். மணிக்கூடு உடனே பதில் சொன்னது. "பார்த்தீர்களா, இரகசியம் பேசினாலும் கேட்கும்" என்று பெருமையோடு திரும்பி வந்தாள். நான் ஓரடி பின்னுக்குப் போனேன்.

"இதையே எடுப்பம் அப்பா. கண் தெரியாதவா பட்டன் தேடித் தடவத் தேவையில்லை" என்றாள் மகள். வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்ல என்னால் முடியவில்லை.

முகாமில் ஒரு தறப்பாளை நடுவில் தொங்கவிட்டு இரண்டு குடும்பங்களை ஒரு கூடாரத்துக்குள் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் மகேஸ்வரி அக்காவும் சுதாவும். இந்தப் பக்கம் நானும் என் மனைவியும். தறப்பாள் கண்ணைத்தான் மறைக்கும். அங்கே எல்லோரும் உதட்டால் கதைக்கப் பழகியிருந்தோம். போராளி இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்கள்கூட வந்து பதிய வேண்டும் என்று இராணுவம் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே இருந்தது. போர்க்காலத்தில் சுதாவை இயக்கம் வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டுபோய் நான்கு மாதம் வைத்திருந்தது. "கேட்டா, அம்மம்மா வீட்டில நிண்டு படிச்சனான் எண்டு சொல்லு" என்று தாய் சொல்லிக்கொடுத்தது எனக்குக் கேட்டது. நான் தென்பகுதியில் எழுதுவினைஞராக, கிளாக்கராக வேலை பார்த்தவன், சிங்களம் தெரியும். பெயர்ப்பட்டியல் வாசிக்க அதிகாரி என்னைக் கூப்பிடுவார். மனைவிக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. ஒத்துழைப்பவர்களை முதலில் வெளியே விடுவோம் என்றார். சொன்னேன். இரண்டு நாளில் வாகனம் வந்து சுதாவை ஏற்றிக்கொண்டு போனது. எங்களுக்கு விடுதலைக் கடிதமும் வந்தது. சுதா வீடு திரும்பக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆனது. அதற்குள் மகள் எங்களைக் கனடாவுக்கு எடுத்துவிட்டாள்.

பரந்தனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மகேஸ்வரி அக்காவின் வீடு இருக்கும் சிறிய ஒழுங்கைக்குள் நடந்தேன். படலையில் நான் தொண்டையைச் செருமியதுதான் தாமதம், உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆர், கிளாக்கரய்யாவோ?"

கண் தெரியாத மனுஷி இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் செருமலை அடையாளம் கண்டுவிட்டா.

அன்று சுதாவுக்கு விடுமுறை. கதிரை எடுத்துப் போட்டாள். வீட்டு இணைய இணைப்பில் மணிக்கூட்டைப் பொருத்தினேன். அதற்குத் தமிழ் தெரியாது. மணி கேட்கும் ஆங்கில வார்த்தைகளை அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் தடவை அது பதில் சொன்னது.

"ஒருக்காக் கேட்டா வாய் திறக்கமாட்டாள் போல. நல்லாப் படிச்சவளாக்கும்" என்று அக்கா சிரித்தா.

சுதா சிரிக்கவில்லை. "ஐயா, இது எப்பவும் கேட்டுக்கொண்டிருக்குமோ?"

"இல்லைப் பிள்ளை, பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான்."

"கூப்பிட்டது அதுக்கு எப்பிடித் தெரியும்? முதலே கேட்டுக்கொண்டிருந்தாத்தானே தெரியும்."

அந்த வீட்டுக்கு நான் என்னத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நானும் அப்பிடித்தான் கேட்டுக்கொண்டிருந்தனான், பிள்ளை. முகாமில. உன்ர பேரைக் குடுத்தது நான்."

சுதா எழும்பிப் போய் மணிக்கூட்டின் வயரைப் பிடுங்கினாள். பிறகு மகேஸ்வரி அக்கா, என்னிடம் அல்ல, தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னா.

"நாங்கள் மெல்லத்தானே கதைச்சனாங்கள்."

நான் கும்பிட்டேன். அவாவுக்கு அது தெரியாது.

"எங்களுக்கு மட்டும் சொல்லிப்போட்டுப் போகேலாது" என்றாள் சுதா. "நான் தானாப் போய்ப் பதிஞ்சு, பேருகள் குடுத்து, அதாலதான் உயிரோட வந்தனான் எண்டு இந்த ஒழுங்கை முழுக்கக் கதை. முன்வீட்டு ராசம்மா மாமியின்ர மகன் திரும்பி வரேல்ல. அவா என்ர முகத்தைப் பாக்கிறதில்லை. வாங்கோ, வந்து சொல்லுங்கோ."

மகனைத் தொலைத்த தாயின் முன்னால் போய் நிற்க வேண்டும். மறுக்க வாய் எடுத்தேன். சுதா ஏற்கெனவே படலையைத் திறந்துவிட்டாள்.

ராசம்மாவும், அங்கே கதைக்க வந்திருந்த இரண்டு பெண்களும் கேட்டார்கள். இந்தப் பிள்ளை தானாகப் போகவில்லை, இயக்கத்தில் இருந்ததை மறைத்தவளை நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்றேன். ராசம்மா என்னைப் பார்க்கவில்லை. சுதாவின் வீட்டு விறாந்தையில் கிடந்த பளபளப்பான வெளிநாட்டுப் பெட்டியைத்தான் பார்த்தா.

"அது என்ன, நீங்களோ கொண்டந்தனீங்கள்?"

"ஓம்."

"சாமானும் குடுத்து சாட்சியும் சொல்லுறியள். சுதா, உனக்குக் கனடாவில நல்ல ஆக்கள் இருக்கினம்."

அந்த இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் கொண்டுபோன பொருள் என் வாக்குமூலத்தை வேண்டப்பட்டவளுக்காகச் சொன்ன பொய்யாக்கிவிட்டது. சுதா மணிக்கூட்டைப் பெட்டிக்குள் வைத்து என் கையில் திருப்பித் தந்தாள். நான் தங்கியிருந்த நெடுங்கேணி வீட்டுக்குத் திரும்புவதற்குள் செய்தி போய்விட்டது. "அண்ணை, எனக்கு வயசுக்கு வந்த பிள்ளையள் இருக்கு. நீங்கள் வெள்ளன வெளிக்கிடுறது நல்லது" என்றான் தம்பி. என் பை ஏற்கெனவே வாசலில் இருந்தது.

திரும்பி வந்து மகளிடமும் சொன்னேன். "அம்மாவுக்கும் தெரிஞ்சிருந்ததோ?" என்று மட்டும் கேட்டாள். தெரியாமலே கண்மூடினா என்றேன். அதன்பிறகு அவள் என்னோடு அளந்துதான் கதைக்கிறாள். இங்கே இருக்கும் ஊரவர்களுக்கும் கதை வந்து சேர்ந்துவிட்டது. சிலர் என் அழைப்பை எடுப்பதில்லை. எடுக்கிறவர்கள், இந்த வயதில் இதையெல்லாம் ஏன் கிளறுகிறாய், அங்கே உன்னைச் சும்மா விடமாட்டார்கள் என்கிறார்கள். ராசம்மாவுக்கு இன்னும் இரண்டு ஆண்மக்கள் உண்டு. விமான நிலையத்தில் என் பெயரை வாசிக்கப்போகும் அதிகாரியும் அடிக்கடி நினைவில் வருகிறார். எல்லாமே எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் சுதா தொலைபேசி எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை. "அறுவடை முடிய மாதர் சங்கக் கூட்டம் இருக்கு. ஒழுங்கை முழுக்க வரும். இந்த முறை ஒண்டும் கொண்டுவராமல் வாங்கோ" என்றாள். எங்கே தங்குவது என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பின்னாலிருந்து மகேஸ்வரி அக்காவின் குரல் கேட்டது.

"இஞ்சதான் நிக்கச் சொல்லு. வேற ஆர் அந்தாளுக்குக் கதவு திறப்பினம்?"

பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். போவதற்கு முன்னரே எல்லோரும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வன்னியிலும் கனடாவிலும் எனக்கு எத்தனையோ சொந்தக்காரர்கள் இருந்தார்கள். இன்றைக்கு என்னை வா என்று கூப்பிடுவது நான் காட்டிக்கொடுத்த வீடு மட்டுந்தான்.