அட்சதை விழாத கல்யாணம்

போன சனிக்கிழமை சிம்மக்கல்லில் ஒரு மாடிக் கடையில் நின்றுகொண்டு, என் கல்யாண வீடியோ கேசட்டின் முதுகில் கையெழுத்துப் போட்டேன். பழைய கேசட்டை பென்டிரைவில் ஏற்றித் தரும் கடை அது. கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“எதுக்கு சார் இது?”

“மாறிடக் கூடாதுல்ல...”

“உங்க கல்யாணத்தை வச்சு நான் என்ன சார் பண்ணப் போறேன்?”

நியாயமான கேள்விதான். ஆனால் என் புத்தி அப்படி. பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் டேங்க் மூடியைத் திறப்பேன். வாட்ஸப்பில் ‘காலை வணக்கம்’ வந்தால்கூட இவன் எதற்கு அடிபோடுகிறான் என்று யோசிப்பேன். உங்களில் பாதிப் பேர் இப்படித்தான் — வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கேசட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது என் மனைவி செல்வி. அவளுடைய அண்ணனுக்கு எங்கள் கல்யாணத்தில் இஷ்டமில்லை. நிரந்தரச் சம்பளம் இல்லாமல் நான் எழுதித் திரிந்த காலம். எந்த அண்ணனுக்குத்தான் இஷ்டமாக இருக்கும்? ஆனாலும் மண்டபத்துக்கு வந்தார். தூண் ஓரமாக நின்றார். தாலி கட்டி முடித்த கையோடு ஓர் அத்தை செல்வியின் காதில் ஓதிவிட்டாள்: “ஒங்கண்ணன் அட்சதை போடலடி. அரிசியைக் கைக்குள்ளயே வச்சுக்கிட்டான்.”

பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. தாய்மாமன் மடி என்று அவர் மடியில் உட்கார வைத்துத்தான் எங்கள் மகளுக்குக் காது குத்தினோம். ஆனால் அந்த ஒரு விஷயத்தை மட்டும் செல்வி அவரிடம் கேட்கவே இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “ஆமா, போடலன்னு சொல்லிட்டாருன்னா?” என்றாள். போன வருஷம் அண்ணன் போய்விட்டார். இனி யாரிடம் கேட்பது?

கேசட்டிடம்தான். முன்பு கேசட் ஓட்டும் டெக்கை வாடகைக்கு எடுத்துப் பார்த்தபோது தூண் ஓரம் ஒரே இருட்டு. வெள்ளைச் சட்டை மட்டும் அசையும். இப்போதுதான் கம்ப்யூட்டரில் இருட்டையும் வெளிச்சமாக்கலாமாமே... “அந்தத் தூண் பக்கம் நல்லாத் தெரியணும்ணே” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு திருநகரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினேன்.

பென்டிரைவ் வந்தது. டிவியில் செருகினால் — பளபளவென்று இருக்கிறது படம். என் முகம் ரோஸ் பவுடர் அப்பினாற்போல மின்னுகிறது. நான் எந்தக் காலத்தில் இவ்வளவு சிவப்பாக இருந்தேன்? அப்போதே எனக்கு எங்கோ இடித்தது.

தாலி கட்டும் கட்டம். கெட்டிமேளம். தூண் ஓரம் அண்ணன் தெளிவாகத் தெரிந்தார். கை முன்னால் வந்தது. விரல்களை விரித்தார். ஒன்றும் விழவில்லை.

செல்வி ரிமோட்டைக் கீழே வைத்தாள். “அத்தை சொன்னது நெசந்தான். வெறுங்கையைக் காட்டிருக்காரு.” அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சந்தேகப் புத்தி சும்மா இருக்குமா? மறுபடி ஓட்டிப் பார்த்தேன். என் அம்மா வீசுகிறாள் — ஒன்றும் விழவில்லை. மாமனார் வீசுகிறார் — ஒன்றும் இல்லை. அன்றைக்கு அம்மா வீசிய வேகத்தில் ஓர் அரிசி என் கண்ணிலேயே விழுந்து, கல்யாணப் போட்டோ முழுக்க ஒற்றைக் கண் சிவந்து நிற்கிறேன். அந்த அரிசி எங்கே? மண்டபமே சேர்ந்து எனக்கு டாட்டா காட்டுகிறது!

“ஏய் செல்வி, இங்க வா. ஒருத்தர் கையிலயும் அரிசி இல்ல. அம்புட்டு பேருமா நம்மளை ஏமாத்திட்டாங்க?”

மறுநாள் இருவரும் கடையில் நின்றோம். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். கடைக்காரர் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பிரைட்னஸைக் கூட்டினா இருட்டுக்குள்ள வெள்ளை வெள்ளையாப் புள்ளி பறக்கும் சார். பழைய டேப்புல்ல. கஸ்டமர் வைவாங்களேன்னு, புள்ளியை எடுக்குற ஃபில்டரை ஃபுல்லா வச்சேன். அது அரிசியையும் புள்ளின்னு நெனச்சுத் தொடச்சிருச்சு...” அலமாரியில் அடுக்கியிருந்த கேசட்டுகளைப் பார்த்தார். “ஐயையோ, இதுவரைக்கும் எம்புட்டு கல்யாணத்துல இப்படித் தொடச்சேனோ!”

ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லையாம். எப்படிச் சொல்வார்கள்? நம் கல்யாண வீடியோவில் நம் மூஞ்சியைத் தவிர வேறு எதைப் பார்க்கிறோம்? அது பளிச்சென்று இருந்தால் போதும் — ஆசீர்வாதம் விழுந்ததா இல்லையா என்று யாருக்கு அக்கறை?

ஃபில்டரை நிறுத்திவிட்டு கேசட்டை மறுபடி ஓடவிட்டார். பிரைட்னஸைக் கூட்டியதும் படம் சாம்பல் பூத்தது. கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றி நிறுத்தினார். சிவப்பெல்லாம் போய் நான் என் நிறத்துக்கு வந்தேன். அம்மா கையிலிருந்து அரிசி சரமாரியாகப் பறந்தது. தூண் ஓரம் அண்ணன். கை விரிந்தது. விரல்களுக்கு முன்னால் இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகள்.

“அரிசியா?” செல்வி திரையருகே குனிந்தாள்.

கடைக்காரர் உள்ளதைச் சொல்லப் பார்த்தார். “அக்கா, டேப் தூசியும் இதே மாதிரிதான்...” அவர் காலை மிதித்தேன். நல்ல மிதி.

செல்வி என்னைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க. நீங்கதான் லேசுல எதையும் நம்ப மாட்டீங்களே.”

திரையை உற்றுப் பார்த்தேன். தூண் மேலேயும் புள்ளி பறக்கிறது. ஆளே இல்லாத கூரையிலும் பறக்கிறது.

“அரிசிதான்” என்றேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடைக்காரர் காலைத் தேய்த்துக்கொண்டே, “மஞ்சகூடத் தெரியுது பாருங்கக்கா” என்றார்.

செல்வி இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் பத்தியைப் படிப்பதில்லை. படிக்கிற நீங்கள் அவளிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள்.