மிர்த்தாவின் நான்கு வருட வரிவிலக்கு

மிர்த்தா அர்ஜென்டினாவை விட்டு பிரிட்டனுக்குப் போகப்போகிறாள் என்று எங்கள் ஊர் டெம்பர்லி முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்தான். ஆகவே அவள் ஏன் போகவில்லை என்று சொல்ல வேண்டியவளும் நான்தான். இப்போது இந்தக் கதை ஊர் வாயில் நாலு விதமாக ஓடுகிறது. அவளுக்குக் குளிர் ஆகாதாம். விசா கிடைக்கவில்லையாம். ரொட்டிக்கடைக்காரி என்னிடமே வந்து, அவளுக்கு நெஞ்சில் ஏதோ கோளாறாமே என்று கேட்டாள். நெஞ்சில் கோளாறுதான், ஆனால் டாக்டர் பார்க்கிற கோளாறு இல்லை.

மிர்த்தா முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள். வருகைப் பதிவேடு அவள் கையில். விடுப்புக் கடிதத்தில் எந்தப் பயல் அப்பன் கையெழுத்தைத் தானே போட்டிருக்கிறான் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். வீட்டுக்குள் மட்டும் அந்தக் கண் வேலை செய்யவில்லை. பிள்ளைகள் இல்லை. அம்மா இருந்த வரை அம்மா, புருஷன் எட்கார்தோ, வியாழக்கிழமை தோறும் என் வீட்டில் புராக்கோ ஆட்டம். சீட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து ஆடுவோம். அவளும் நானும் எங்கள் தெருப் பேபாவும்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருவுக்கே அவள்தான் அலுவலகம். எனக்கு ஓய்வூதியம் வாங்கித் தந்தது அவள். பேபாவுக்கு எரிவாயு மானியம் வாங்கித் தந்ததும் அவள். இந்த நாட்டில் எந்த விண்ணப்பத்துக்கும் அரசாங்க இணையதளத்தில் நுழைய ஒரு ரகசிய எண் வேண்டும். நாங்கள் யாருமே அதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு தெருவில் ஒருத்திக்குத் தெரிந்தால் போதும். மிர்த்தாவின் சமையலறை இழுப்பறையில் ஒரு நீல நோட்டு இருக்கிறது. அதில் எங்கள் எல்லோருடைய எண்ணும் உண்டு, எட்கார்தோவுடையதும்.

எட்கார்தோ கப்பல்களில் குளிர்சாதன இயந்திரம் பழுது பார்க்கிறவன். அவன் அப்பா பிரிட்டனில் பிறந்தவர், அதனால் அவனிடம் இரண்டு பாஸ்போர்ட். வருடத்தில் பாதி தெற்கே, உஷுவாயா துறைமுகத்தில் வேலை என்று போய்விடுவான். வந்தால் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். குச்சி மாதிரி இருக்கிற மிர்த்தாவை 'குண்டம்மா' என்றுதான் கூப்பிடுவான். எனக்கும் அவனைப் பிடிக்கும். பிடிக்கும் என்பதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் மிர்த்தாவின் அத்தை பாஸ்டனில் இறந்துபோனார். நாற்பது வருடம் அங்கே நர்ஸாக இருந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய பங்குகளை மிர்த்தாவுக்கு எழுதி வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாலர் வந்தது. வந்த வருமானத்துக்கு இங்கே வரி, வெளிநாட்டில் சொத்து வைத்திருப்பதற்குத் தனி வரி. எட்கார்தோவுக்கு அது பொறுக்கவில்லை.

சென்ற மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தபோது அவன்தான் பேச்சை எடுத்தான்.

"குண்டம்மா, பிரிட்டன்ல புதுச் சட்டம் வந்திருக்கு. புதுசாக் குடியேறுறவங்களுக்கு நாலு வருஷம் வெளிநாட்டு வருமானத்துக்கு வரியே கிடையாது. உங்க அத்தை காசு அப்படியே முழுசா நம்ம கையில. நாலே வருஷம். அப்புறம் வேணும்னா திரும்பி வந்துடலாம்."

"வீடு?" என்றாள் மிர்த்தா.

"வித்துடலாம். அங்க கடலோரமா ஒரு சின்ன வீடு. ஊர் கூட நான் பார்த்து வச்சிருக்கேன்."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். அத்தை காசு, மாமியார் வீடு, திட்டம் மட்டும் இவனுடையது. ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் அவளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

"போடி, போய்த் தொலை. இங்க என்ன வச்சிருக்கு? விலைவாசி திங்கக்கிழமை ஒண்ணு, செவ்வாய்க்கிழமை ஒண்ணு. எனக்கு ஒரு அத்தை இருந்திருந்தா நான் நேத்தே போயிருப்பேன்."

அந்த வியாழக்கிழமை ஆட்டத்தில் பேபாதான் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அவள் தம்பி, பிரிட்டனோடு நடந்த மால்வினாஸ் தீவுப் போருக்குப் போனவன், திரும்பி வந்தும் திரும்பாதவன். கட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "கடல் கொள்ளைக்காரன் ஊருக்குக் குடிபோறியா? அங்க வரி இல்லன்னா வேற எதையாவது உருவிடுவானுங்க, பாத்துக்கோ."

"நாலு வருஷம்தான் பேபா," என்றாள் மிர்த்தா.

"என் தம்பி போனது எழுபத்திநாலு நாளுக்குத்தான்."

அதற்குப் பிறகு அன்று ஆட்டம் நடக்கவில்லை.

மிர்த்தா இரண்டு மாதம் யோசித்தாள். அந்த வீட்டில்தான் அவள் பிறந்தாள், அவள் அம்மா இறந்ததும் அங்கேதான். எலுமிச்சை மரத்தை விட்டு எப்படிப் போவது என்று என்னிடம் ஒருநாள் கேட்டாள், எலுமிச்சையை வேறு யாரும் ஒழுங்காகப் பறிக்க மாட்டார்களாம். கடைசியில் அவன் முகத்துக்காகச் சரி என்றாள். வீட்டுக்கு ஆள் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முன்பணம் வாங்கிக் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. கையெழுத்துப் போட்டால் பின்வாங்க முடியாது, வாங்கினதைப் போல் இரண்டு மடங்கு திருப்பித் தர வேண்டும்.

அந்த வாரத் தொடக்கத்தில் மிர்த்தா, கணக்காளர் பெரெய்ராவைப் போய்ப் பார்த்தாள். சிறு பெண்தான், ஆனால் கெட்டிக்காரி. முதல் கேள்வியே நாள் கணக்கைப் பற்றித்தான்.

"அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் இந்தச் சலுகை கிடைக்கணும்னா ஒரு நிபந்தனை இருக்கு. கடைசிப் பத்து வருஷத்துல ஒரு வருஷம் கூட நீங்க பிரிட்டன்வாசியா இருந்திருக்கக் கூடாது. அவங்க வருஷம் ஏப்ரல் ஆறுல ஆரம்பிக்கும். எந்த வருஷத்துல எத்தனை நாள் அங்க இருந்தீங்கன்னு எனக்குக் கணக்கு வேணும்."

"நாங்க அந்தப் பக்கமே போனதில்லயே," என்றாள் மிர்த்தா சிரித்துக்கொண்டே.

"அப்ப சுலபம். குடியேற்றத் துறையில உள்ள வந்தது, வெளிய போனது எல்லாத்துக்கும் ஒரு சான்றிதழ் தருவாங்க. ரெண்டு பேருக்கும் வாங்கிடுங்க. காலியா இருந்தாலும் பரவாயில்ல, கோப்புல இருக்கட்டும்."

மிர்த்தா வீட்டுக்கு வந்து நீல நோட்டைத் திறந்து, தன் எண்ணைப் போட்டு ஒரு விண்ணப்பம், அவன் எண்ணைப் போட்டு ஒரு விண்ணப்பம். அவனிடம் சொல்லக்கூட இல்லை. எதற்குச் சொல்ல வேண்டும், அந்த வீட்டில் முப்பது வருடமாக எல்லா விண்ணப்பமும் அவள்தான் போடுகிறாள். அவனோ பத்து வருட நிபந்தனையைப் படிக்கவே இல்லை. நாலு வருட விலக்கு என்ற இடத்திலேயே அவன் படிப்பு முடிந்துவிட்டது. இங்கிருந்து கிளம்பும்போது அவன் காட்டியது அர்ஜென்டினா பாஸ்போர்ட், அங்கே இறங்கும்போது பிரிட்டன் பாஸ்போர்ட். அதில் முத்திரை குத்த மாட்டார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடும் என்று நினைத்திருக்கிறான்.

புதன்கிழமை மதியம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். மாத்தே இலைத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். நீட்டினேன், வாங்கவில்லை. இரண்டு தாள்களை மேசையில் வைத்தாள். அவளுடையதில் உருகுவே போன இரண்டு பயணம், அவ்வளவுதான். அவனுடையது ஒரு பக்கம் முழுக்க இருந்தது.

"சுலெமா, எனக்குப் படிச்சுக் காட்டு. நான் தப்பாப் படிக்கிறேனோ என்னவோ."

படித்தேன். 2017 ஜூலை, லண்டன் விமானம், வெளியே. நவம்பர், உள்ளே. 2018 மே பன்னிரண்டு, வெளியே. டிசம்பர் இருபது, உள்ளே. அடுத்த வருடமும் அப்படியே. சென்ற வருடம் கூட மூன்று வாரம்.

"அப்பல்லாம் உஷுவாயால இருந்தாரு," என்றாள். குரல் பள்ளிக்கூடக் குரலாக இருந்தது. "ரெண்டாயிரத்துப் பதினெட்டு மே பன்னிரண்டு. நான்தான் பெட்டி கட்டிக் கொடுத்தேன். கம்பளி உள்ளாடை ஆறு வச்சேன்."

எனக்கு அந்த 2018 ஜூலை ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்கும் வந்திருந்தது, அதனால்தான் என்னிடம் வந்தாள். அந்த ஜூலையில் அவள் அம்மா இறந்தார். எட்கார்தோ போன் பண்ணி அழுதான். பனி கொட்டுது, விமான நிலையத்தை மூடிட்டாங்க, நான் எப்படி வருவேன் குண்டம்மா என்று அழுதான். அம்மாவின் உடல் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்தவர் ஒவ்வொருவரிடமும் மிர்த்தா சொன்னாள்: "பாவம், பனியில மாட்டிக்கிட்டாரு, அங்க அழுதுகிட்டு இருக்காரு." நாங்கள் எல்லோரும் அவனுக்காகப் பரிதாபப்பட்டோம். நான் அவனுக்கு ஆறுதல் செய்தி கூட அனுப்பினேன். ஜூலையில் எங்களுக்குத்தான் குளிர்காலம், பிரிட்டனில் கோடைக்காலம்.

இத்தனை வருடமாக எங்கள் எல்லோர் தலையிலும் மிளகாய் அரைத்திருக்கிறான். எனக்கு அழுகை வரவில்லை, அப்படி ஒரு கோபம் வந்தது. கரண்டியோடு கிளம்பியிருப்பேன். அவள்தான் உட்கார வைத்தாள்.

"இப்ப வேணாம். நாளைக்கு மத்தியானம் அவர் வீட்டுல இருப்பாரு. நீ கூட வா. நான் தனியாக் கேட்டா நம்பிடுவேன்."

மறுநாள் போனோம். அவன் கூடத்தில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "வாங்க சுலெமா, போறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் போட்டுடலாமா?" என்றான். மிர்த்தா தாளை நீட்டினாள். வாங்கிப் பார்த்தான். மேலே பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், சோறு காலியானதும் எப்படி விழிப்பானோ அப்படி விழித்தான்.

"இதை யாரு எடுத்தா?"

"நான்தான். உன் எண் என்கிட்டதானே இருக்கு. யாரு அவ?"

அவன் உட்கார்ந்தான். என்னை வெளியே போகச் சொல்லும் பார்வை பார்த்தான். நான் அசையவில்லை.

"அது முடிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு," என்றான். "அவளோட ஒண்ணும் இல்ல இப்ப. ஆனா ஒரு பொண்ணு இருக்கு. ஏழு வயசு ஆகப்போகுது. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"அந்தக் கடலோர ஊரு..."

"அவங்க ஊருதான். பக்கத்துல இருந்தா அப்பப்பப் பார்த்துக்கலாம்னு நினைச்சேன். உனக்கு நேரம் பார்த்துச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

மிர்த்தா ஒன்றைத்தான் கேட்டாள். "அம்மா செத்தப்போ பனின்னு சொன்னியே."

அதற்கு அவன் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பொய் சொல்லவில்லை. நியாயம் சொல்கிறவன் மாதிரி, கையை விரித்துக்கொண்டு சொன்னான்: "அந்த வாரம்தான் குண்டம்மா குழந்தை பொறந்துச்சு. எப்படி விட்டுட்டு வர முடியும், நீயே சொல்லு."

மிர்த்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் தாங்கிப் பிடித்தேன். அவன் எழுந்து வந்தான், தண்ணீர் கொடுக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் கையில் அந்தத் தாள்தான் இருந்தது.

"இதனால ஒண்ணும் மாறல," என்றான் மெதுவாக. "பத்து வருஷக் கணக்குல எனக்குக் கிடைக்காதுன்னு வையி. காசு உன் பேருல. நீ அங்க போனதே இல்ல. சலுகை உனக்குக் கிடைக்கும். விசாவுக்கு நான் வேணும், வரிவிலக்குக்கு நீ வேணும். கோபத்துல வீட்டைக் கெடுத்துக்காத. நாளைக்குக் கையெழுத்து இருக்கு."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பெரெய்ரா. மிர்த்தா ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தாள்.

"அம்மா, நீங்க அனுப்பின சான்றிதழ் ரெண்டும் பார்த்தேன்," என்றாள் அந்தப் பெண். சங்கடம் குரலில் தெரிந்தது. "ஐயாவுக்குக் கிடைக்காது. உங்களுக்கு முழுசாக் கிடைக்கும். நாலு வருஷமும். மேற்கொண்டு பண்ணட்டுமா?"

எட்கார்தோ தலையை ஆட்டினான், பண்ணச் சொல்லு என்று. முப்பது வருடம் அவன் தலையை ஆட்டினால் அவள் ஆட்டியிருக்கிறாள்.

"வேணாம்மா," என்றாள் மிர்த்தா. "நான் இங்கயே இருக்கேன். வீடு வாங்க வர்றவங்ககிட்ட நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடறேன். இந்த வருஷத்துக்கு எனக்கு எவ்வளவு வரின்னு போட்டு அனுப்பு."

"முழு வரியும் வருமே, அம்மா. நிறைய வரும்."

"வரட்டும்," என்றாள் மிர்த்தா. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க எடுக்கறதைச் சொல்லிட்டுத்தானே எடுக்கறாங்க."