உயிரோடு இருப்பவளின் போஸ்டர்

இந்த ஊர்ச் சுவர்களில் யாரும் சாவதில்லை. கனடாவில் ஏரிக்கரையோரம் இருக்கும் இந்த நகரத்துக்கு வந்து ஐந்து வருடமாகிறது. இன்னும் ரயிலிலிருந்து இறங்கி அலுவலகத்துக்கு நடக்கும்போது என் கண் சுவர்களைத்தான் தேடுகிறது. சிவகாசியில் பால் வாங்கப் போகிறவர்கள்கூடச் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரு முகம், மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். "அட, இவுகளா? முந்தாநேத்துக்கூட பஸ்ஸுல பாத்தேனே!" என்று உச்சுக் கொட்டிவிட்டு நடையைக் கட்டுவோம். இங்கே சுவர்கள் துடைத்துவிட்டதுபோல் கிடக்கின்றன. இவர்கள் செத்தால் ஊருக்கு எப்படித் தெரியும் என்று என் கணவரிடம் கேட்டேன். "பேப்பர்ல சின்னதாப் போடுவாங்க" என்றார். சின்னதாகவாம்! எனக்கு மனசே ஆறவில்லை.

ஆறாது. கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் அந்தப் போஸ்டர்களைச் செய்தவள் நான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் வேலை. காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, நடுநடுவே சாவு. ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடி விபத்து நடந்த மறுநாள் காலையில் உட்கார்ந்தவள், சாயங்காலம் வரை நிமிரவே இல்லை. பாதிப் பேருக்குத் தனிப் படமே கிடையாது. கூட்டமாக நிற்கும் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து, "மூணாவதா நிக்கா பாருங்க, அவதான்" என்பார்கள். நான் அந்த முகத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கறுப்பில் ஒட்டுவேன். அன்று படத்தோடு வந்து நின்றவர்களில் என் பக்கத்து வீட்டுத் தோழி முத்துமாரியும் ஒருத்தி. செத்தது அவள் அக்கா பேச்சியம்மாள். படத்தில் அக்காவும் தங்கையும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். எப்படி வெட்டியும் முத்துமாரியின் தோள்பட்டை கொஞ்சம் போஸ்டரிலேயே நின்றுவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு, போஸ்டர் கட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்றாம் மாதம் அவளும் பட்டாசு வேலைக்குப் போய்விட்டாள். வேறு என்ன செய்வாள்?

இங்கே நகரக் கலைவிழா அலுவலகத்தில் எனக்கு ஆன்லைன் மார்க்கெட்டிங் வேலை. நாடகம், இசை, ஓவியம் என்று பத்து நாள் நடக்கும் விழாவுக்கு இமெயிலிலும் வெப்சைட்டிலும் ஆள் பிடிக்க வேண்டும். அனுப்பிய மெயிலை எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் டிக்கெட் பக்கத்துக்குப் போனார்கள் என்று திரையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி நாள் ஏரியின்மேல் வாணவேடிக்கை. என் மேலாளர் கேரன் ஒருநாள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். "நீ பட்டாசு ஊர்க்காரிதானே? அதைச் செய்கிற ஒருவரின் முகம் வேண்டும். முகம் இருந்தால்தான் மக்கள் திறப்பார்கள்."

என்னிடம் ஒரு முகம் இருந்தது. போன தடவை ஊருக்குப் போனபோது, முத்துமாரி வேலை முடிந்து கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்தாள். கன்னத்தில் அலுமினியப் பொடி மின்னிக்கொண்டிருந்தது. "படம் எடுக்கட்டாடி?" என்றேன். "எடுத்துக்கோ. அங்கன எவனாச்சும் கட்டிக்கிறேன்னா விலாசத்தக் குடு" என்று சிரித்தாள். அந்தப் படம். வாணவேடிக்கைக்கு வானம் வேண்டுமே என்று பின்னணியைக் கறுப்பாக்கினேன். நடுவில் அவள் முகம். கீழே விழா தொடங்கும் நாள், முடியும் நாள், இடையில் ஒரு சின்னக் கோடு. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கேரன் கைதட்டினாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. கை அதன் பழக்கத்தில் போயிருக்கிறது. பாவி, என் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

மெயில் போய், வெப்சைட்டிலும் படம் ஏறிய அன்றே, விருதுநகரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் என் தம்பி கண்ணனுக்கும் ஒன்று அனுப்பினேன். பிரிண்ட் எடுத்து முத்துமாரியிடம் கொடு, சந்தோஷப்படுவாள் என்று எழுதினேன். கலர் மை தீர்ந்துபோய்விட்டது என்று அவன் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். முத்துமாரி குளித்துக்கொண்டிருந்தாளாம். அவள் அம்மா சுப்புத்தாய்தான் வாங்கிப் பார்த்திருக்கிறாள். இங்கிலீஷ் அவளுக்குப் படிக்கத் தெரியாது. கறுப்பும், நடுவில் மகளும், கீழே இரண்டு தேதியும் நன்றாகவே தெரிந்தன. அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது போன் வந்தது. அம்மா இல்லாத எனக்கும் கண்ணனுக்கும் சோறு போட்டு வளர்த்தவள் சுப்புத்தாய் அத்தை. அந்தக் குரல் எனக்கு அம்மா குரல்.

"நல்லா இருக்கியாத்தா? உசுரோட இருக்க பிள்ளைக்குப் போஸ்டர் அடிச்சு ஊரு பூரா ஒட்டிட்டியே! மூத்தவளுக்கும் நீதான் அடிச்ச. இவளுக்கும் நீதான் அடிப்பியா?"

"அத்த, அது விளம்பரம்..."

"எதுவோ இருந்துட்டுப் போகுது. அத அழிக்கிற வரைக்கும் எம்மகள மருந்து ரூமுக்கு அனுப்ப மாட்டேன்."

சொன்னால் நம்புவீர்களா, என் மனசுக்குள் முதலில் வந்தது சந்தோஷம். அழிக்காமலே இருந்துவிட்டால் என்ன? படம் இருக்கிற வரை அவள் வீட்டில் இருப்பாள். வெடிமருந்துப் பக்கம் போகமாட்டாள். விழா முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரம் அவளைப் பிடித்து வைக்க என் கையில் ஒரு வழி இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். அதற்குள் முத்துமாரி போனைப் பிடுங்கிவிட்டாள்.

"அம்மா கெடக்கா. ஆனா அத எடுத்துருடி. தீபாவளி சீசன். ஆர்டர் மலையாக் குமிஞ்சு கெடக்கு. இப்ப நின்னா பெறகு சேக்க மாட்டோம்னுட்டாக."

"கொஞ்ச நாள் வீட்லதான் இரேன்."

"இருந்து? உன் படத்தத் தின்னுட்டுப் படுக்கவா?"

கேரனிடம் போய், எங்கள் ஊரில் இப்படிப் படம் போட்டால் அது இரங்கல் போஸ்டர் என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. "ஐயோ, அந்தப் பெண் இறந்துவிட்டாளா?"

"இல்லை. உயிரோடு இருக்கிறாள்."

"அப்பாடா! அப்படியானால் ஒன்றும் சிக்கல் இல்லையே."

"உயிரோடு இருப்பதுதான் சிக்கல்" என்றேன். கேரன் மேசையிலிருந்து ஒப்புதல் படிவம் ஒன்றை எடுத்து, அவளிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மிகுந்த அன்போடு நீட்டினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கடைசியில், மத்தியானத்துக்குள் வேறொரு முகம் கொடுத்தால் வெப்சைட்டிலும் அடுத்த மெயிலிலும் மாற்றிக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தாள். மத்தியானத்துக்குள் முகத்துக்கு எங்கே போவேன்? என் அடையாள அட்டைக்கு எடுத்த படம் கம்ப்யூட்டரில் இருந்தது. அதே கறுப்பு, அதே தேதிகள். முத்துமாரியை வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை ஒட்டினேன். வருகிற கேடு என்னோடு போகட்டும் என்று, வாய்விட்டே சொல்லிக்கொண்டுதான் ஒட்டினேன். கேரனுக்கு முன்னதைவிட இது பிடித்துவிட்டது.

ஏற்கெனவே போன மெயிலைத் திரும்ப வாங்க முடியாது. அதை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. யாரோ எங்கேயோ அதைத் திறந்துகொண்டேதான் இருந்தார்கள். திரையில் எண் ஒன்று கூடும்போதெல்லாம் ஊர்ச் சுவரில் இன்னொன்று ஒட்டியதுபோல் இருக்கும். படத்தை மாற்றிவிட்டேன் என்று கண்ணன் போய்ச் சொன்னதும், முத்துமாரி மறுநாளே வேன் ஏறிவிட்டாள்.

ஆனால் சுப்புத்தாய் வாய்ப்பேச்சை நம்புகிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறிப் போய், கண்ணன் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாளாம். காட்டு என்றிருக்கிறாள். அவன் காட்டிவிட்டான். அப்போது எனக்குக் காலை. லீவு நாளிலும் வீட்டில் விழாப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். போன் அடித்தது. எடுத்தால் பேச்சே இல்லை, அழுகைதான்.

"அத்த, அவ படம் இல்லல்ல? பாத்தீகளா?"

"பாத்தேன். இதுக்கா தாயி உன்னைய வளத்தேன்?" மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "நீ ஏரோப்ளேன் ஏறுன அன்னைக்கே உனக்கு அழுது முடிச்சாச்சு. ரெண்டாந்தரம் அழ எங்கிட்டத் தெம்பு இல்லடி."

எதிரே திரையில் கறுப்புக்கு நடுவே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் கேரனின் குறிப்பு வந்து நின்றது: இந்த வருடம் அனுப்பியதில் இந்த முகத்தைத்தான் அதிகம் பேர் திறந்திருக்கிறார்கள்.

"அழாதீக அத்த. நான் இருக்கேன். நல்லாத்தான் இருக்கேன்."

"எங்கன தாயி?" என்றாள்.