டைப் அக்கா காலியாக விடும் வரி

அடிபட்டு வருகிறவர்கள் சுவரைப் பார்த்து உட்காரும்படி டைப் அக்கா தன் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார். வராந்தாவில் போகிறவர்கள் அவர்கள் முகத்தை வேடிக்கை பார்க்கக் கூடாதாம். தினமும் அந்த அறையைப் பெருக்கித் துடைக்கிற எனக்கே அது புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கிறுக்கித் தரும் காயச் சான்றிதழை இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பது அவர் வேலை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் அடிப்பார். கேட்டுக் கேட்டு, ஐந்தாவதோடு நின்ற எனக்கும் மனப்பாடம்.

"வலின்னா சிவியர் பெய்ன். ஆளு நெலம மோசம்னா சீரியஸ் கண்டிஷன். எலும்போ பல்லோ போனா கிரீவியஸ் இஞ்சுரி. சின்னக் காயம்னா சிம்பிள் இஞ்சுரி. யாருக்கு யாருன்னு முடிச்சுப் போட்டு வச்சிருக்கு, கல்யாணம் மாதிரி."

"ஜோடி சரியா அமையணுமேக்கா," என்பேன்.

சிம்பிள் என்றால் அடித்தவன் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுவான். கிரீவியஸ் என்றால் அவ்வளவு சுலபமாக விடமாட்டார்கள். அதனால் சிம்பிளா கிரீவியஸா என்கிற அந்த வரியை மட்டும் காலியாக விட்டு, அடிபட்டவரைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்த்த பிறகே அடிப்பார்.

ஒரு நாள் அந்த நாற்காலியில் என் மகள் வந்து உட்கார்ந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டார் சொல்லி, போலீஸ்காரர் அழைத்து வந்திருந்தார். மாப்பிள்ளை ஸ்டேஷனில். டாக்டரிடம் அவள் வாயே திறக்காததால், அவரும் வெறும் வீக்கம், சிம்பிள் என்று எழுதிவிட்டார். ஆண்டவனே, இவளைத் திரும்ப அந்த வீட்டுக்கு அனுப்பிவிடாதே என்பதைத் தவிர எனக்கு வேறு ஜபம் வரவில்லை.

அக்கா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். திரும்பி வந்த டம்ளரின் விளிம்பு சிவந்திருந்தது.

"வாயத் திற, கண்ணு."

"ஒண்ணுமில்லக்கா. வழுக்கி விழுந்துட்டேன்."

"விழுந்தவ கர்ச்சீப்ப எதுக்கு இந்தப் பிடி பிடிக்கிற?"

கர்ச்சீப்புக்குள் முன்பல் ஒன்று இருந்தது.

"அவர உள்ள போட்டா எல்லாரும் என்னத்தான் பேசுவாங்க," என்றாள் மகள்.

"பேசட்டும். நான் ஒரு சொல்லு கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். டாக்டர்கிட்ட நீதான் காட்டணும். காட்டலன்னா, உனக்குப் பெருசா ஒண்ணும் ஆகலன்னுதான் இந்தக் காகிதம் சொல்லும். அப்படியே அடிச்சிரவா?"

விரல்களை மிஷின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மகள் என்னைப் பார்த்தாள்.

"உன் கட்டில் நம்ம வீட்டுல அப்படியேதான் கெடக்கு தங்கம்," என்றேன்.

அவள் எழுந்து கர்ச்சீப்போடு டாக்டர் அறைக்குப் போனாள். அவர் பல்லைப் பார்த்து, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அந்த வரியை அக்கா வாய்விட்டுச் சொல்லாமல் அடித்தது அன்று ஒரு நாள்தான்.

போன மாதம் அக்கா ஓய்வு பெற்றார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனேன். மகள் என்னோடுதான் இருக்கிறாள், தையல் கடைக்குப் போகிறாள், பல்லும் கட்டியாயிற்று, ஆனாலும் சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்கிறாள் என்று சொன்னேன்.

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"கைய எடுன்னு அவள அவசரப்படுத்தாத, அவளா எடுப்பா. அந்த நாற்காலிய மட்டும் யாரும் திருப்பிடாம பாத்துக்கோ."